ஹெல்காவின் தாளும் ஒரு கிளிப்பச்சை ஸ்வெட்டரும்

எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகள். திருவண்ணாமலை செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்து, ஆசிரமத்துக்கு நடக்கிற தூரம். பதினெட்டு வருஷமாக அந்த அறைகளில் தனியாக வருகிறவர்களைத்தான் குடிவைக்கிறேன். தன்னைத் தேடி வந்ததாகச் சொல்வார்கள். சாவியைக் கையில் கொடுத்ததும் முதலில் தேடுவது கீசர் சுவிட்சை. அப்புறம் வைஃபை பாஸ்வேர்டை. தன்னைத் தேடுவதெல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான், அதுவும் கரண்ட் போயிருந்தால்.

இவர்கள்மேல் எனக்கு மரியாதை கம்மி. வாடகை வாங்குகிறவன் அதை வெளியே சொல்ல முடியாதே, அதனால் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து என்னைப் பெரிய சாந்தசொரூபி என்று நம்பித் திரும்பிப் போனவர்கள் ஏழெட்டு நாடுகளில் இருக்கிறார்கள்.

இந்த மார்கழியில் நடு அறைக்கு வந்தவர் ஹெல்கா. ஜெர்மனியில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் காலையில் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவனை அவர் உட்காரச் சொல்லி ஒரு கேள்வி கேட்டார். "நீங்கள் கடைசியாக எப்போது இரண்டு நாள் தனியாக இருந்தீர்கள்?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்பதாவது படிக்கும்போது அம்மை போட்டிருந்தது. அப்போதும் தலைமாட்டில் வேப்பிலையோடு அத்தை உட்கார்ந்திருந்தாள்.

ஹெல்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். பட்டினி கிடப்பவனைப் பார்க்கிற பார்வை. மறுநாள் ஒரு தாளை நீட்டினார். கட்டம் போட்ட தாள், பள்ளிக்கூடத்துக் கையெழுத்து. தலைப்பு: குளிர்கால வார இறுதி, ஒரே ஆள், ரயில், மலைக் கிராமங்கள். அவர் ஊரில் வருஷா வருஷம் இப்படித்தான் போவாராம். 9.02க்கு ஒரு ரயிலிலிருந்து இறங்கி 9.07க்கு அடுத்த ரயிலில் ஏறுவது. பனி மூடிய கிராமத்தில் சூப் குடிப்பது. ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் ஜன்னல் ஓரம் உட்காருவது.

ஐந்து நிமிஷத்தில் எங்கள் ஊர்க்காரன் செருப்பைத் தேடி முடிக்க மாட்டான். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பார். முன்பக்கத்தைப் படித்துவிட்டு, இதற்குமேல் இவர்களிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஆனால் அந்தப் பார்வை உறுத்தியது. ஊர் ஊராக ஆட்கள் வந்து தனியாக இருந்துவிட்டுப் போகிறார்கள், அவர்களுக்குத் தண்ணீர் கேன் தூக்குகிறவன் ஒரு தடவைகூட இருந்ததில்லை. நமக்கும்தான் மலை ரயில் இருக்கிறது, குளிர் இருக்கிறது, நீலகிரியில் கிராமங்களும் இருக்கின்றன. சூப்புக்குப் பதில் ரசம்.

அன்று மத்தியானம் என் மனைவி மல்லிகா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். வாசற்படியில் சாய்ந்துகொண்டு, ஏதோ காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி சொன்னேன். "வெள்ளிக்கிழமை மலைக்குப் போறேன். தனியா. ரெண்டு நாள்ல வந்துடுறேன்."

அவள் கை நின்றுவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மல்லிகா அடி அண்ணாமலைக்காரி. அவள் ஏழாவது படிக்கும்போது, இதே மாதிரி ஒரு மார்கழியில், அவளுடைய அப்பா ஒரு துணிப்பையில் வேட்டி சட்டையை வைத்துக்கொண்டு "ரெண்டு நாள்ல வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், வரவில்லை. கழனியில் அறுப்புக்கு நின்ற நெல்லை அக்கம்பக்கத்தார் அறுத்துக் கொடுத்தார்கள். காவி கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் உட்கார்ந்திருந்ததாக ஒருவர் சொன்னார். வடக்கே போகிற ரயிலில் பார்த்ததாக இன்னொருவர். என் மாமியார் சாகும்வரை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு மலையைச் சுற்றினார். ஊரே மலையைப் பார்த்துச் சுற்றும். இவர்கள் இரண்டு பேரும் பாதையோரத்துத் தாடிகளைப் பார்த்துச் சுற்றினார்கள்.

அதனால் எங்கள் வீட்டில் யார் வெளியூர் போனாலும் "புதன்கிழமை வரேன்", "பத்து மணி பஸ்ஸுக்கு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம். அந்த இன்னொரு வாக்கியம் இருபத்தாறு வருஷமாகப் புழக்கத்தில் இல்லை. எனக்குத் தெரியாததா? வாய் முந்திக்கொண்டது. என் வாய்க்கு அந்தக் குணம் உண்டு.

"எந்த மலை?" என்றாள்.

"நீலகிரி."

"தெறந்த கதவுல தெரியுதே ஒண்ணு, அதுக்கு என்னா கொறைச்சல்?"

"அது தெனம் பாக்குற மலை."

"பொண்டாட்டியும் தெனம் பாக்குறவதான்."

வெங்காயத்தை மறுபடி எடுத்தாள். "எங்க தங்குவீங்க?"

"அத சொன்னா அப்பறம் அது தனியா இல்ல" என்றேன். ஹெல்காவின் தத்துவத்தை அவரைவிட நான் நன்றாகப் புரிந்துகொண்டதாக அப்போது நினைப்பு. "மூணு வேளையும் போன் பண்றேன். திங்கக்கெழம காலைல ஆறு மணி காபிக்கு வந்துடுவேன், போதுமா?"

"ஷேவ் பண்ணிட்டுப் போங்க" என்றாள். அதையும் செய்யவில்லை.

சேதி எங்கள் சந்துக்கு வெளியே போனது. வேறு ஊரில் ஐம்பத்திரண்டு வயது ஆள் தனியாக ஊருக்குப் போகிறான் என்றால் ஊருக்குப் போகிறான் என்று அர்த்தம். எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். இஸ்திரி போடுகிறவர் என் சட்டைகளைக் கொடுக்கும்போது, "வெள்ளையெல்லாம் இனிமே போடுவீங்களா சார்?" என்றார். பிரஷர் மாத்திரை வாங்கப் போனேன். மெடிக்கல் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"ரெண்டு நாளைக்கு வேணுமா சார், இல்ல ஜாஸ்தியா குடுக்கட்டா? அந்தப் பக்கம்லாம் கடை கம்மி."

"எந்தப் பக்கம்?"

"இமயமலப் பக்கம்."

மல்லிகா பையை அடுக்கினாள். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், மாத்திரை, துண்டு. துண்டில் ஆரஞ்சு நிறம் ஒரு கோடுகூட இல்லாமல் பார்த்து எடுத்திருந்தாள். மேலே ஒரு ஸ்வெட்டர். மகள் பிரசவத்துக்காக பெங்களூருக்குப் போயிருந்தபோது தெருவோரக் கடையில் வாங்கியது, கிளிப்பச்சை நிறம். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் எதிரே வருகிற லாரி ஓரம் கட்டும்.

"இந்தக் கலர போட்டுக்கிட்டு நான் எங்க போறது?"

"தூரத்துலருந்தே தெரியும்" என்றாள். நான் அதைக் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன்.

சனிக்கிழமை காலை மலை ரயில். ஒரு மணி நேரம் பேசாமல் ஜன்னல் ஓரம் உட்காருவது என்று தாளில் இருந்ததே, அதை நம்பி ஏறினேன். என் பெட்டியில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம். ஒன்பது பேர், ஒரு பிரஷர் குக்கர். ரயில் நகர்வதற்குள் என் பெயர், ஊர், தொழில், மகளுக்குச் சுகப்பிரசவமா ஆபரேஷனா என்பது வரை வாங்கிக்கொண்டார்கள். நான் தனியாக வந்திருப்பது தெரிந்ததும் குடும்பத் தலைவி கணவரிடம், "பாவம், அவருக்கு அந்தப் பெரிய சப்பாத்தியா குடுங்க" என்றார். என் புளிசாதத்தை அவர்கள் தீர்த்தார்கள். அவர்கள் சப்பாத்தியை நான் தீர்த்தேன்.

வண்டி போகிற வேகம், இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு ஓடிவந்து ஏறிக்கொள்ளலாம் போலிருந்தது. குகை வரும்போதெல்லாம் மொத்த ரயிலும் "ஓ" என்று கத்தியது. நன்றாகப் படித்து, நல்ல வேலையில் இருக்கிற, கண்ணாடி போட்ட மனிதர்கள் இருட்டைக் கண்டதும் ஏன் கத்துகிறார்கள் என்று இகழ்ச்சியாக நினைத்துக்கொண்டிருந்தேன். நான்காவது குகையில் நானும் கத்தினேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த பெட்டியில் ஒரு ஜோடி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, "ஹாய் கைஸ், இங்க அவ்ளோ அமைதி கைஸ்" என்று பள்ளத்தாக்கே அதிரும்படி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலையைப் பார்க்க வந்தவன் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறானே, இவனையெல்லாம் என்ன சொல்வது என்று மதுரைக்காரரிடம் ஐந்து நிமிஷம் பேசினேன். அவரும் தலையாட்டினார்.

அப்புறம் ஒரு பாலம் வந்தது. கீழே வெள்ளிக்கம்பி மாதிரி தண்ணீர். இதை மட்டும் ஹெல்காவுக்கு எடுத்துக் காட்டிவிடலாம், என் முகமும் ஒரு ஓரத்தில் இருந்தால் நம்புவார், என்று திரும்பி உட்கார்ந்து போனை வெளியே நீட்டினேன். வண்டி ஒரு குலுக்கு குலுக்கியது. போன் இரண்டு தடவை புரண்டு, வெயிலில் ஒரு தடவை மின்னி, போயே போய்விட்டது. குடும்பம் முழுக்க ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தது. "விழுந்துருச்சு" என்று எனக்கே தகவல் சொன்னார்கள்.

வருத்தம் கால் மணி நேரம்தான். அப்புறம் ஒரு அசட்டு சந்தோஷம் வந்தது. இனி எவனும் கீசர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட முடியாது. இப்போதுதான் நிஜமாகத் தனி. யாரிடமாவது போன் வாங்கி மல்லிகாவிடம் பேசிக்கொள்ளலாம், அவசரம் ஒன்றுமில்லை.

மத்தியானம் குன்னூரைத் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினேன். பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டின் பின்கட்டை 'ஹோம் ஸ்டே' என்று வாடகைக்கு விடுகிறார்கள். நானும் விடுகிறவன்தான், என் கண்ணுக்கு எல்லாம் தெரியும். சுவரில் ஈரம், மறைக்க ஒரு காலண்டர். வாளி புதுசு, அதை வைத்து வாடகையை ஏற்றியிருக்கிறார்கள். 'மலைக்காட்சி' என்று எழுதியிருந்த ஜன்னலைத் திறந்தேன். அடுத்த வீட்டு முட்டைக்கோஸ் தோட்டம். நான்கூட இவ்வளவு துணிந்ததில்லை.

சாயங்காலம் குளிர் பல்லைத் தந்தி அடிக்க வைத்தது. பையைத் திறந்தேன், கிளிப்பச்சை. அந்த வீடியோ ஜோடியும் இதே ஊரில்தான் இறங்கியிருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் கிளியாக அவர்கள் கேமராவில் மாட்ட மனசு வரவில்லை. ஸ்டேஷன் வாசலில் ஒரு பிரவுன் சால்வையும் குரங்குக் குல்லாவும் வாங்கிப் போர்த்திக்கொண்டு, டீக்கடை பெஞ்சில் காலை மடித்து உட்கார்ந்தேன். மூன்று நாள் தாடி, சால்வை, கையில் துணிப்பை.

டீக்கடைக்காரர் ராஜு தம்ளரை நீட்டினார். "எந்த ஊருங்க?"

"திருவண்ணாமலை."

நீட்டிய கையில் மரியாதை வந்தது. "தனியாவா வந்திருக்கீங்க?"

"தனியாத்தான்."

"டீக்குக் காசு வேண்டாங்க சாமி."

"ஐயோ, நான் சாமியெல்லாம் இல்லீங்க. வாடகைக்கு ரூம் விடுறவன்."

ராஜு கொஞ்ச நேரம் யோசித்தார். "நெசந்தானுங்களே. இந்த ஒடம்பே நாலு நாள் வாடகை ரூம்தானுங்களே" என்று கையெடுத்துக் கும்பிட்டார். கூடவே இரண்டு வர்க்கி வந்தது. நல்ல வர்க்கி, மொறுமொறுவென்று. மறுத்துப் பேசுகிற வாயில் வர்க்கி இருந்தால் மறுப்பு எப்படி வரும்? விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை புல்லெல்லாம் உப்பு தூவியது மாதிரி வெள்ளையாக இருந்தது. உறைபனி. ஹெல்காவின் தாளில் சொன்னபடி பேசாமல் அதை ஒரு மணி நேரம் பார்ப்பது என்று கதவைத் திறந்தேன். வாசலில் மூன்று பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். பின்னால் ராஜு, கையில் டீயோடு, ஏற்பாடு செய்தவர் முகத்தோடு.

முதல் ஆளுடைய மாடு பால் தரவில்லையாம். "மாட்டு டாக்டரப் போய்ப் பாருங்க" என்றேன். அவர் கண் கலங்கியது. "இத ஒருத்தனும் சொல்லல சாமி" என்று அப்படியே கிளம்பிவிட்டார். இரண்டாவது பெரியவருக்கு மூட்டு வலி. எனக்கும்தான் என்றேன். "எங்க வலிய வாங்கிக்கிறீங்க" என்று சொல்லி ஒரு கட்டு கேரட்டை வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஊரில் இந்தத் தொழிலுக்கு எத்தனை போட்டி, இங்கே எவ்வளவு சுலபம் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். பதினெட்டு வருஷமாக நான் யாரைக் கேலி செய்தேனோ அவர்களுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால், குளிருக்கு இதமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது ஒரு பெண். சரோஜா என்று பெயர், தேயிலை பறிக்கிறவள், நாற்பது வயதிருக்கும். புருஷன் கேரளாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். தீபாவளி வரைக்கும் போன் வந்துகொண்டிருந்தது. அப்புறம் இல்லை.

"காலைல ஒரு தடவ, வேலை முடிஞ்சு வந்து ஒரு தடவ போட்டுப் பாப்பேனுங்க. சுவிட்ச் ஆப்னு ஒரு பொம்பள சொல்லுது. அவ கொரல்கூட இப்ப பழகிருச்சு." சொல்லிவிட்டு அந்த நம்பரைச் சொன்னாள். நான் கேட்கவில்லை. பத்து எண்ணும் தடங்கல் இல்லாமல், சாமி பெயர் சொல்கிற மாதிரி வந்தது. "வருவாருங்களா?"

வருவார் என்று ஒரு வார்த்தை சொன்னால் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள். வாய் வரைக்கும் வந்தது. அவள் கையில் போன் இருந்தது, மூலையில் கண்ணாடி உடைந்து, திரையில் அந்த நம்பர். சனிக்கிழமை மத்தியானம், சாயங்காலம், இன்று காலை. மூன்று போன் ஆயிற்று. என் போனும் எங்கேயோ ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. மல்லிகாவுக்கும் அதே பொம்பளைதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"தெரியலம்மா" என்றேன். "நான் சாமி இல்ல. வீட்ல சொல்லிட்டு வந்து போன் பண்ணாம இருக்கிற ஆளு."

சரோஜா என்னைப் பார்த்தாள். முகத்திலிருந்து பக்தி இறங்கியது. போனை என் பக்கம் நீட்டினாள். "பேசுங்க."

வாங்கினேன். விரல் நின்றுவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் 'ரூம் வாடகைக்கு' என்று ஒரு போர்டு உண்டு. அதில் இரண்டு நம்பர். மேலே என்னுடையது, கீழே மல்லிகாவுடையது. என்னுடையதை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன், மனப்பாடம். கீழே இருப்பதை நினைத்துப் பார்க்கிறேன், பச்சை பெயின்ட் தெரிகிறது, ஓரத்தில் உரிந்த இடம் தெரிகிறது, எண் தெரியவில்லை. மகள் நம்பரும் அப்படியே. மெயிலைத் திறக்கலாம் என்று ராஜு யோசனை சொன்னார். திறந்தால் ஓடிபி பள்ளத்தில் கிடக்கிற போனுக்குப் போகும்.

"பொண்டாட்டி நம்பர் தெரியாதுங்களா?" என்றாள் சரோஜா.

"போன்ல பேரு போட்டு வச்சிருந்தேன்."

"மொதல்ல எந்திரிச்சு ஊருக்குப் போங்க" என்றாள். சாமி என்று சொல்லவில்லை. அந்த மலையில் எனக்குக் கிடைத்த ஒரே உபதேசம் அது. ராஜு டீத் தம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

மத்தியான ரயில் வரை காத்திருக்கவில்லை. கிடைத்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு மலை இறங்கினேன். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ். ஜன்னல் ஓரம், யாரோடும் பேசவில்லை. ஹெல்கா கேட்ட ஒரு மணி நேரத்துக்குப் பதில் பல மணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு அமைதியும் வரவில்லை. ஊத்தங்கரைக்கு இந்தப் பக்கம் டயர் பஞ்சர் ஆகி, ஸ்டெப்னியும் பஞ்சர் என்பது அப்புறம் தெரியவந்தது. விடியும்வரை ரோட்டோரத்திலேயே கிடந்தோம். ஆறு மணி காபிக்கு வருவதாகச் சொன்னவன் திங்கட்கிழமை பத்து மணிக்குச் சந்துக்குள் நுழைந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. மாடிப்படியில் ஹெல்கா உட்கார்ந்திருந்தார்.

"உங்கள் மனைவி நேற்று மேலே வந்து என்னிடம் நிறையப் பேசினார்" என்றார். "அர்த்தம் புரியவில்லை. கோபம் புரிந்தது. நீங்கள் தங்கிய இடத்தின் பெயர் என்ன, போன் நம்பர் என்ன என்று கேட்டார் என்று நினைக்கிறேன். வீட்டில் எழுதி வைத்திருப்பாரே என்றேன்."

"எதற்கு எழுதி வைக்கணும்?"

"தாளின் பின்பக்கம் படிக்கவில்லையா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துத் திருப்பினேன். பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், சிவப்பு மையில், இரண்டு கோடு போட்டு: போகும் இடத்தின் பெயரையும் அங்கே உள்ள போன் நம்பரையும் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போகவும். இதுதான் முதல் வேலை.

"எங்கே போயிருக்கிறார்?" என்றேன். ஹெல்கா கையால் மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

எனக்குப் புரிந்தது. மல்லிகாவின் கணக்கில், மலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வராத ஆள் எந்த மலைக்குப் போனாலும் ஒரு நாள் இந்த மலையடியில்தான் வந்து உட்காருவான். சின்ன வயதில் கற்றுக்கொண்ட கணக்கு. தெருமுனையில் ஒரு ஆட்டோவை நிறுத்தி அடி அண்ணாமலைக்கு விடச் சொன்னேன்.

கோயிலைத் தாண்டிப் பாதையோரம் யாரோ தொன்னையில் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தடியில் இருபது முப்பது சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆட்டோவை அனுப்பிவிட்டு மல்லிகாவைத் தேடிக்கொண்டு நின்றேன். கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் என் சால்வையையும் தாடியையும் பார்த்துவிட்டு, தன் சாக்கைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டார்.

"புதுசா? இப்படி உக்காரு. அந்தப் பக்கம் வெயில் வந்துடும்."

"அவருக்கு எடம் வேணாம் சாமி. வீட்ல இருக்குது."

குரல் பின்னாலிருந்து வந்தது. திரும்பினேன். மல்லிகா என்னைக் குல்லாவிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள். கண் என் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. அப்புறம் கீழே இறங்கியது.

"ஸ்வெட்டர் எங்க?"

"பையில."

"பைக்கா குளுருது?"

"போன் மலையில விழுந்துடுச்சு மல்லிகா."

"நீங்க விழலையா?"

"இல்ல."

"செரி."

"நீ இங்க என்னா பண்ற?"

"சுகர் ஜாஸ்தியா இருக்குன்னு டாக்டர் நடக்கச் சொன்னாரு. நடந்தேன்."

"மலைய சுத்தியா?"

"ஏன், நீங்க மட்டுந்தான் மலைக்குப் போவணுமா?"

செருப்பு இல்லாத பாதம் சிவந்து, குதிகாலில் தார் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து ஏதாவது கிண்டலாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாய் முதல் தடவையாகத் தானே மூடிக்கொண்டது.

அவளே கையைக் காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். டிரைவர் இளவட்டம், நான் முன்னே பார்த்ததில்லை. கண்ணாடியில் எங்களைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துக்கொண்டான். ஆட்டோ கிளம்பியதும் மல்லிகா சொன்னாள், "யார்கிட்டயாவது போன் வாங்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"உன் நம்பர் தெரியல."

அவள் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "நான் சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. முழுசா வந்தாத்தான் வீட்ல சோறு."

சொன்னாள். நான் திருப்பிச் சொன்னேன். முதல் தடவை மூன்று எண். இரண்டாவது தடவை ஐந்து. மூன்றாவது தடவை ஆறு வரைக்கும் வந்து ஏழாவதில் நின்றேன். யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை.

மிச்சம் நான்கு எண்ணையும் ஆட்டோ டிரைவர் ஒரே மூச்சில், தலையைத் திருப்பாமல் சொன்னான்.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

"நேத்துலருந்து அக்கா பாதையில போற ஆட்டோவெல்லாம் நிறுத்திச் சொல்றாங்களே சார். எனக்கே மூணு தடவ சொன்னாங்க. கிளிப்பச்ச ஸ்வெட்டர்ல ஒரு ஆளு தெரிஞ்சா இந்த நம்பருக்குப் போடு, எங்கருந்தாலும் வரேன்னு. ஸ்டாண்டுல எல்லாருக்கும் மனப்பாடம்." கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தான். "நீங்க இன்னாடான்னா பிரவுன்ல சுத்திக்கினு இருக்கீங்க."

மல்லிகா அந்தப் பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது.

நான் குல்லாவைக் கழற்றினேன். சால்வையைச் சுருட்டிக் காலடியில் போட்டேன். பையைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துத் தலைவழியாக மாட்டிக்கொண்டேன். பதினோரு மணி வெயில். செங்கம் ரோடு முழுக்க டீக்கடையில் நின்றவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், தன்னைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்க, கழுத்தில் வியர்வை வழிய நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

"மொதல்லருந்து சொல்லுங்க" என்றாள் மல்லிகா, மலையைப் பார்த்தபடியே.